தனியாக கேம் செய்கிறீர்களா? விளம்பரத்தை இங்கிருந்து தொடங்குங்கள்

"நல்ல கேம் தானாகவே ஓடும், விளம்பரம் எதுக்கு?" என்பவர்கள் பெரும்பாலும் அமாங் அஸ்ஸைக் காட்டுவார்கள். அது வெளிவந்தது 2018இல். கூட்டம் வந்தது 2020இல், ஸ்ட்ரீமர்கள் (கேம் விளையாடுவதை நேரலையில் காட்டுபவர்கள்) விளையாட ஆரம்பித்த பிறகு. நடுவில் இருந்த இரண்டு வருஷமும் அடிப்படையில் அதே கேம்தான், கண்டுகொள்ளத்தான் ஆள் இல்லை. கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் 2024இல் மட்டும் 18,000க்கும் அதிகமான கேம்கள் வந்தன. ஆக, விளம்பரம் வேண்டும். காசைக் கொட்டத்தான் வேண்டாம்.

முதல் வேலை, ஸ்டீம் பக்கத்தைச் சீக்கிரம் திறப்பது. ஒரு கேமுக்குக் கட்டணம் 100 டாலர். வெளியீட்டுக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே பக்கம் இருக்க வேண்டும் என்பது விதி. ஆறு மாதமாவது இருக்கட்டும் என்பேன் நான். அந்தப் பக்கத்தில் விஷ்லிஸ்ட் (வாங்க நினைப்பவற்றின் பட்டியல்) பட்டனை அழுத்தியவருக்கு, கேம் வெளியாகும்போது ஸ்டீமே மின்னஞ்சல் அனுப்பும்.

இரண்டாவது, படமும் அறிமுக வரிகளும். பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். உங்கள் முகப்புப் படத்தைக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கி, போனில் ஒரு நண்பரிடம் காட்டுங்கள். பெயரைப் படிக்க முடிகிறதா? என்ன மாதிரி கேம் என்று சொல்கிறாரா? கண்ணைச் சுருக்கினால் படத்தை மாற்றுங்கள். வரிகளும் அப்படித்தான். "ஒரு இளைஞனின் உணர்ச்சிகரமான பயணம்" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. "கலங்கரை விளக்கத்தில் இரவுக் காவல். விளக்கு எரிந்தால் எண்ணெய் தீரும், அணைந்தால் பேய் வரும்" என்று எழுதிப் பாருங்கள். என்ன செய்யப்போகிறோம், எதற்குப் பயப்பட வேண்டும், இரண்டும் வந்துவிட்டது. இப்படி எழுதவே வரவில்லை என்றால் கோளாறு எழுத்தில் இல்லாமல் கேமிலேயே இருக்கலாம். அதை இப்போதே தெரிந்துகொள்வது லாபம்தான்.

டிரெய்லரைப் பற்றி ஒன்றுதான் சொல்வேன்: லோகோவில் தொடங்காதீர்கள், முதல் நொடியிலேயே விளையாட்டு தெரியட்டும்.

அப்புறம் டெமோ. டெமோக்களுக்காகவே ஸ்டீம் நடத்தும் இணைய விழாவான நெக்ஸ்ட் ஃபெஸ்ட் வருஷத்துக்கு மூன்று முறை நடக்கிறது. ஆனால் ஒரு கேம் ஒரே ஒரு முறைதான் கலந்துகொள்ளலாம், அதுவும் வெளியீட்டுக்கு முன்னால். அரைகுறை டெமோவோடு போய் அந்த வாய்ப்பைத் தொலைக்காதீர்கள். முதலில் நாலைந்து பேரிடம் டெமோவைக் கொடுத்து, வாயைத் திறக்காமல் பின்னால் நின்று பாருங்கள்.

அடுத்து ஸ்ட்ரீமர்களும் யூடியூபர்களும். உங்கள் வகை கேமை ஏற்கெனவே விளையாடுகிற சின்னச் சேனல்களாகத் தேடி, நான்கு வரியில் எழுதி, கீயையும் (ஸ்டீமில் போட்டால் கேம் இலவசமாகக் கிடைக்கும் குறியீடு) சேர்த்தே அனுப்புங்கள். தானாக வந்து கீ கேட்பவர்களிடம் மட்டும் உஷார். ஒருமுறை "பெரிய சேனல்" என்று நம்பி ஐந்து கீ கொடுத்தேன். அத்தனையும் மறுவிற்பனைக்குப் போய்விட்டன. சேனல் பக்கத்தில் உள்ள மின்னஞ்சலும் உங்களுக்கு எழுதிய முகவரியும் எழுத்துப் பிசகாமல் ஒன்றா என்று பாருங்கள்.

கடைசியாக வெளியீட்டு நாள். பத்து விமர்சனங்கள் சேர்ந்த பிறகுதான் ஸ்டீம் ஒரு கேமுக்கு மதிப்பீடு காட்டும். சரி, நண்பர்களுக்கு இலவசக் கீ கொடுத்து எழுதச் சொல்லலாமே என்று தோன்றும். கீ போட்டு விளையாடியவர்களின் விமர்சனம் அந்தக் கணக்கில் சேராது. காசு கொடுத்து வாங்கிய பத்துப் பேர் வேண்டும்.