தொட்டியில் கொண்டைக்கடலை, கூடவே அதன் காட்டு உறவு

கொண்டைக்கடலைக்குப் பனி பிடிக்கும், மழை ஆகாது. நவம்பரில், மழை சற்று விட்டதும் விதைப்பது தமிழ்நாட்டுக்குத் தோது.

முதலில் விதை. மளிகைக்கடை கறுப்புக் கடலையே போதும். நம் வெப்பத்துக்கு வெள்ளையைவிட அதுதான் நல்லது. பொட்டுக்கடலையும் இதே கடலைதான், ஆனால் வறுத்தது, முளைக்காது.

அடுத்து ரைசோபியம், அதாவது வேரில் முடிச்சுப் போட்டுக் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும் பாக்டீரியா. உளுந்துக்கு விற்கும் பாக்கெட் இதற்கு உதவாது. கொண்டைக்கடலைக்கென்றே கேட்டு வாங்குங்கள். ஆறிய அரிசிக்கஞ்சியில் குழைத்து, விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி அன்றே விதையுங்கள். இதைச் செய்தால் யூரியா தேவையே இல்லை.

ஆணிவேர் ஆழமாகப் போகும், அதனால் ஓரடிக்குக் குறையாத தொட்டி வேண்டும். தரையானால் வரிசைக்கு 30 செ.மீ., செடிக்கு 10 செ.மீ. இடைவெளி. இரண்டு அங்குல ஆழத்தில் ஊன்றி ஒருமுறை தண்ணீர் விடுங்கள். அப்புறம் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்! மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகே மறு தண்ணீர். தேங்கினால் வேர் அழுகிவிடும். பூக்கும்போதும் காய் பிடிக்கும்போதும் மட்டும் காயவிடாதீர்கள்.

ஒரு மாதம் ஆனதும் நுனியைக் கிள்ளுங்கள், பக்கக் கிளை வெடிக்கும். கிள்ளியதைக் கீரையாகச் சமைக்கலாம். இலையில் மாலிக் அமிலம் சுரப்பதால் நல்ல புளிப்பு, சிலருக்குக் கை அரிக்கும். வட இந்தியாவில் இரவு செடிமேல் துணி விரித்து, பனியில் ஊறிய அந்தப் புளிப்பைப் பிழிந்தெடுக்கும் வழக்கம் உண்டு.

காய்ப்புழு வந்தே தீரும். தலையைக் காய்க்குள் விட்டு உடம்பை வெளியே வைத்துத் தின்னும். தொட்டி அளவுக்குக் கையால் பொறுக்குவதே போதும். ஏறக்குறைய 90 நாளில் இலை பழுத்து உதிரும், அப்போது செடியோடு பிடுங்கிக் காயவைத்து அடியுங்கள். ஒரு காய்க்கு ஒன்றிரண்டு மணிதான், பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

காட்டுக் கடலை

இதன் மூதாதை சைசர் ரெட்டிகுலேட்டம். தென்கிழக்குத் துருக்கியின் மலைச்சரிவுகளில் இன்றும் தானாக வளர்கிறது. விதை கடையில் கிடைக்காது, ஆராய்ச்சிக்காக விதைகளைச் சேமித்துவைக்கும் மரபணு வங்கிகளில்தான் இருக்கும். கிடைத்தால், தோல் கெட்டியானது என்பதால் மூக்குப் பகுதியைத் தவிர்த்து உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து ஊறவையுங்கள். முளைவிட்டதும் ஈரத்துணியில் சுற்றி நான்கு வாரம் போல ஃபிரிட்ஜில் வைத்தால் குளிர் பட்டு, பூப்பது முந்தும். இல்லாவிட்டால் நம் வெயில் வந்துவிடும், பூ வராது. செடி தரையோடு படரும். காய் முற்றினால் வெடித்துச் சிதறும். நிறம் வெளுக்கத் தொடங்கும்போதே சிறு காகிதப் பையைக் கட்டிவிடுங்கள்.