'ஆத்திரத்தில் வெட்டினார்'னு நியூஸ் வந்தா எப்படி படிக்கறது?

முதல்ல தலைப்புல யாரு என்ன பண்ணாங்கன்னு பாருங்க. 'காதலை ஏற்க மறுத்த மாணவி குத்திக் கொலை'ன்னு போடுவாங்க, அதுல மறுத்தது அந்தப் பொண்ணு, குத்துனது யாருன்னே இருக்காது. அதை நீங்களே திருப்பி எழுதிப் பாருங்க, 'வேண்டாம்னு சொன்ன பொண்ண ஒருத்தன் குத்திக் கொன்னான்'னு, இப்ப கேள்வி அவன் பக்கம் திரும்பிடும்.

அப்புறம் காரணம். ஆத்திரம், குடிபோதை, ஒருதலைக் காதல், பெரும்பாலும் இந்த மூணுக்குள்ள தான் சுத்துவாங்க. ஆத்திரம்னு போட்டிருந்தா கத்தி எங்கேர்ந்து வந்துச்சு, எத்தனை நாளா பின்னாடி சுத்துனான்னு செய்திக்குள்ள தேடுங்க, பாதி நேரம் கடைசி பாராவுல கிடக்கும். 2022 அக்டோபர்ல பரங்கிமலை ஸ்டேஷன்ல காலேஜ் பொண்ண ரயில் முன்னாடி தள்ளிவிட்டானே, அவன் மேல அதுக்கு முன்னாடியே போலீஸ்ல கம்ப்ளைன்ட் இருந்துச்சு, இதுல திடீர்னு வந்த ஆத்திரம் எங்க இருக்கு? குடிக்கும் பங்கு இருக்கு, இல்லைன்னு சொல்லல, ஆனா டாஸ்மாக்ல யாரையும் தொடாம வீட்டுக்கு வந்து பொண்டாட்டிய மட்டும் அடிக்கறவனுக்கு யாரை அடிக்கலாம்னு போதையிலயும் நல்லாவே தெரியுது.

டிவி டிபேட்ல 'எல்லாம் டெஸ்டோஸ்டிரோன் சார்'னு, அதாவது ஆம்பளை ஹார்மோன் தான் அடிக்க வைக்குதுன்னு, ஒருத்தர் வருவாரு. சூரிச்ல நடந்த ஒரு சோதனை 2010ல நேச்சர் இதழ்ல வந்துச்சு, 120 பொண்ணுங்களுக்கு மேல, சிலருக்கு அந்த ஹார்மோன், சிலருக்கு டம்மி மருந்து குடுத்து பணத்தை பங்கு போடச் சொன்னாங்க. ஹார்மோன் நிஜமாவே வாங்குனவங்க கொஞ்சம் நியாயமா குடுத்தாங்க, நிஜத்துல எதை வாங்கியிருந்தாலும் சரி, 'எனக்கு ஹார்மோன் தான் குடுத்தாங்க'ன்னு நம்புனவங்க தான் கம்மியா நீட்டுனாங்க. ஒரே சோதனை தான், அதுவும் பொண்ணுங்க மட்டும், ஆனாலும் அந்த டிபேட் சாருக்கு பதில் சொல்ல போதும்.

'சைக்கோ', 'காமக்கொடூரன்' பார்த்தா இன்னும் உஷாரா இருங்க. அப்படி போட்டுட்டா அவன் நம்ம தெருப் பையன் இல்லைன்னு ஆயிடுது, அவன் சின்ன வயசுல வீட்டுல என்ன பார்த்து வளந்தான்னு யாரும் கேக்க மாட்டாங்க. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் அறிக்கையில பெண்களுக்கு எதிரான குற்றங்கள்ல வருஷா வருஷம் மொதல்ல நிக்கறது புருஷனும் அவன் சொந்தக்காரங்களும் பண்ற கொடுமை தான், சைக்கோ இல்ல. இதுக்கு நேர் எதிரா ஆம்பளைன்னாலே விஷம்னு எழுதறதும் அதே சோம்பேறித்தனம் தான்.

ஃபேமிலி குரூப்ல ஃபார்வர்ட் பண்றதுக்கு முன்னாடி தலைப்பை மாத்தி எழுதிட்டு அனுப்புங்க. பாலியல் வன்கொடுமை கேஸ்னா பொண்ணு பேரு, போட்டோ கூடவே கூடாது, பாரதிய நியாய சன்ஹிதாங்கற குற்றவியல் சட்டத்தோட 72ம் பிரிவுல 2 வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு.