ஹாரி பர்ன்: அம்மாவின் கடிதத்தோடு முடிந்துவிடாத கதை

1920 ஆகஸ்ட் 18 அன்று டென்னசி மாநிலச் சட்டமன்றத்தில் 24 வயது ஹாரி பர்ன் 'ஆம்' என்று வாக்களித்தார். அமெரிக்கப் பெண்களுக்கு வாக்குரிமை அளிக்கும் 19-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்குத் தேவைப்பட்ட 36-ஆவது மாநிலத்தின் ஒப்புதல் அந்த வாக்கால் உறுதியாயிற்று. அழகான கதைதான். அழகுக்காகவே அதைத் தவறாகச் சொல்கிறார்கள்.

'வாக்குரிமையை ஆதரித்து வாக்களி என்று அம்மா கடிதம் எழுதினார், பிள்ளை தட்டவில்லை' என்று முடித்துவிடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. ஹாரியின் தாய் ஃபெப் பர்ன் கணவரை இழந்தவர். பண்ணையைக் கவனித்தபடி செய்தித்தாள்களை ஊன்றிப் படித்தவர். எதிர்த்தரப்பில் ஒருவர் பேசிய பேச்சு மிகவும் கசப்பாக இருந்தது என்று அந்தக் கடிதத்தில் எழுதுகிறார். நீ எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன், இதுவரை ஒன்றும் தெரியவில்லை என்று மகனைக் கேட்கிறார். வாக்குரிமை இல்லாத ஒரு குடிமகள் தன் பிரதிநிதியிடம் கணக்குக் கேட்கிறார். இதைத் தாய்ப்பாசம் என்று சுருக்குவது அவருடைய அரசியல் அறிவை அழிப்பதாகும்.

மகனுக்கும் அது நியாயம் செய்யவில்லை. மறுநாள் அவர் அவையில் பதிவு செய்த விளக்கத்தில் முதல் காரணம், முழு வாக்குரிமை ஓர் உரிமை என்று தாம் நம்புவது. தாயின் அறிவுரை மூன்றாவதாகத்தான் வருகிறது. தம் குடியரசுக் கட்சிக்குப் பெருமை சேர்க்கும் விருப்பத்தையும் அவர் மறைக்கவில்லை.

எண்களிலும் குழப்பம் உண்டு. 48-48 என்ற சமநிலை, தீர்மானத்தைக் கிடப்பில் போடும் முன்மொழிவுக்கு வந்தது. அப்போது பர்ன் கிடப்பில் போடவே வாக்களித்தார். அதைத் தடுத்துச் சமநிலையை உண்டாக்கியவர் பேங்க்ஸ் டர்னர் என்ற இன்னொரு உறுப்பினர். அவர் பெயரை விட்டுவிடாதீர்கள். அதன்பின் ஒப்புதலுக்கான வாக்கெடுப்பில் பர்ன் மாறியதால் 49-47 ஆயிற்று. மறுபரிசீலனை கோர வழிசெய்துகொள்வதற்காக, திருத்தத்தை எதிர்த்த அவைத்தலைவர் சேத் வாக்கர் தம் வாக்கை மாற்றியதில் அது 50-46 ஆனது. ஆகவே இரண்டு எண்களையும் பார்த்தால் திகைக்க வேண்டாம். கோபக்காரர்களிடமிருந்து பர்ன் ஜன்னல் வழியே தப்பினார் என்ற கதையை மட்டும் உறுதியான செய்தியாக எழுதாதீர்கள்.

அவரைக் காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் உறுப்பினர் என்பதும் பிழை. அவர் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர். அந்த வாக்கு அவருடைய அரசியல் வாழ்வை முடித்துவிடவும் இல்லை. அதே ஆண்டுத் தேர்தலில் மீண்டும் வென்றார். பிறகு வழக்கறிஞரானார், வங்கித் துறையில் இருந்தார், 1949 முதல் 1953 வரை மாநில மேலவையில் பணியாற்றினார், 1977-இல் காலமானார்.

'அன்றே எல்லாப் பெண்களும் வாக்குரிமை பெற்றார்கள்' என்று மட்டும் எழுதவே கூடாது. வாக்களிக்கக் கட்டவேண்டிய வரியும் எழுத்தறிவுத் தேர்வும் தென் மாநிலக் கறுப்பினப் பெண்களில் பெரும்பாலோரை 1965 வாக்குரிமைச் சட்டம் வரை வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்தின. பர்ன் 'ஆம்' என்ற அதே மன்றத்தில், மூன்று மாதங்களுக்கு முன், 1920 மே மாதம், ஃபிராங்கி பியர்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி வெள்ளையினப் பெண்கள் நிறைந்த கூட்டத்தின் முன் நின்று, தம் மக்களுக்கு நியாயமான பங்கு வேண்டும் என்று கேட்டிருந்தார்.