விமானத்தில் கைக்குழந்தைக்குக் கார் சீட் பொருத்துவது எப்படி?

அமெரிக்காவின் உள்நாட்டு விமானங்களில் இரண்டு வயது நிறையாத குழந்தையைத் தனி டிக்கெட் இல்லாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு பயணம் செய்யலாம். சட்டம் அனுமதிப்பதால் அதில் ஆபத்து இருக்காது என்று பெற்றோர் நினைத்துக்கொள்வது இயல்புதான். ஆனால் அந்த விதிகளை வகுக்கும் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. அமைப்பே, பறக்கும்போது குழந்தைக்குப் பாதுகாப்பான இடம் பெற்றோரின் மடியன்று, குழந்தையை வார்களால் கட்டி அமர்த்தும் தனிப் பாதுகாப்பு இருக்கையான, அங்கீகாரம் பெற்ற கார் சீட்தான் என்று தொடர்ந்து வலியுறுத்தி வருகிறது. காற்றுக் குலுக்கலில் விமானம் திடீரென்று தூக்கிப் போடும்போது, 9 கிலோ குழந்தையின் எடை பல மடங்காகிக் கைகளை இழுக்கும். அந்த நொடியில் எந்தத் தாயின் பிடியும் நம்பத்தக்கதன்று.

1989 ஜூலை 19 அன்று அயோவா மாநிலத்தின் சூ சிட்டியில் யுனைடெட் 232 விமானம் விபத்துக்குள்ளானபோது, அதில் மடிக்குழந்தைகள் நால்வர் இருந்தனர். அவர்களில் ஒரு குழந்தை உயிரிழந்தது. அன்றைய விதிமுறைப்படி குழந்தைகளைத் தரையில் கிடத்தச் சொன்ன தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுன், ஒவ்வொரு குழந்தைக்கும் தனி இருக்கையைக் கட்டாயமாக்க வேண்டும் என்று அதன்பின் பல ஆண்டுகள் போராடினார். சட்டம் இன்னும் மாறவில்லை. ஆகவே முடிவு பெற்றோரின் கையில்தான் இருக்கிறது. கார் சீட்டோடு பறக்க முடிவு செய்தவர்கள் முதல் முறையிலேயே தடுமாறாமல் இருக்க, வேலையை வரிசைப்படி கீழே விளக்குகிறேன்.

முதல் படி: லேபிளைத் தேடுங்கள்

கார் சீட்டின் பக்கவாட்டிலோ அடியிலோ ஒட்டப்பட்டிருக்கும் லேபிளில், மோட்டார் வாகனங்களிலும் விமானங்களிலும் பயன்படுத்தச் சான்று பெற்றது என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி சிவப்பு எழுத்தில் இருக்க வேண்டும். விமானப் பணியாளர் கேட்டால் காட்ட வேண்டியது இதைத்தான். எனவே அதைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையைத் தூக்கி உட்காரவைத்து, காரின் பெல்ட்டையே குறுக்கே போடும் பூஸ்டர் சீட்டுகளை விமானம் மேலெழும்பும்போதும் தரையிறங்கும்போதும் பயன்படுத்த அனுமதியில்லை. விமானத்தில் இடுப்புப் பெல்ட் மட்டுமே உண்டு, தோள் பெல்ட் கிடையாது என்பதே அதற்குக் காரணம்.

அடுத்து, சீட்டின் மிக அகலமான பகுதியை அளந்து பாருங்கள். 16 அங்குலத்துக்குள் இருந்தால் பெரும்பாலான எகானமி இருக்கைகளில் பொருந்திவிடும்.

இரண்டாம் படி: தனி டிக்கெட்டும் ஜன்னல் இருக்கையும்

குழந்தைக்கென்று டிக்கெட் எடுத்து, அங்கீகாரம் பெற்ற கார் சீட்டையும் கொண்டுவந்தால், அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்க விமான நிறுவனம் மறுக்க முடியாது. ஒதுக்கிய இருக்கையில் அது பொருந்தாவிட்டால், அதே வகுப்பில் பொருந்தக்கூடிய வேறோர் இருக்கையைத் தர வேண்டிய பொறுப்பும் அந்த நிறுவனத்துடையது. பணம் மிச்சமாகும் என்று மடிக்குழந்தையாகப் பதிவு செய்துவிட்டு, கடைசி நேரத்தில் காலி இருக்கை கிடைக்கும் என்று காத்திருப்பவர்கள் உண்டு. கிடைத்தால் நல்லதே, கூட்டமான நாளில் அந்தக் கார் சீட் சாமான்களோடு கீழே போய்விடும். முடிந்தவர்கள் டிக்கெட் எடுத்துவிடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

இடம் ஜன்னலோரமாக இருக்கட்டும், ஏனெனில் ஆபத்து நேரத்தில் மற்றவர்கள் வெளியேறும் வழியைக் கார் சீட் மறிக்கக் கூடாது. அவசர வழி உள்ள வரிசையிலும், அதற்கு முன்வரிசையிலும் பின்வரிசையிலும் கார் சீட் வைக்கக் கூடாது. சில விமானங்களில், குறிப்பாக முன்னால் தடுப்புச் சுவர் உள்ள வரிசைகளில், இடுப்புப் பெல்ட்டிலேயே காற்றுப்பை பொதிந்திருக்கும். அத்தகைய பெல்ட்டில் கார் சீட்டைக் கட்டக் கூடாது என்பதால், பதிவு செய்யும்போதே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாம் படி: வீட்டில் ஒத்திகை

இதைத் தவிர்த்துவிடாதீர்கள். பலர் காரில் சீட்டின் அடித்தளத்தை நிரந்தரமாகப் பொருத்திவிட்டு, குழந்தை அமரும் கூடையை மட்டும் அதில் மாட்டி எடுத்துப் பழகியிருப்பார்கள். விமானத்தில் அடித்தளமும் கிடையாது, அதை மாட்டும் கொக்கிகளும் கிடையாது. ஆகவே அடித்தளம் இல்லாமல், இடுப்புப் பெல்ட்டை மட்டும் வைத்து எப்படிக் கட்டுவது என்பதைக் கையேட்டில் பார்த்து, காரின் பின்னிருக்கையில் பழகிக்கொள்ள வேண்டும். தோள் பெல்ட்டைக் கூடையின் முதுகுப்புறமாகச் சுற்றிக் கட்ட வேண்டிய ஐரோப்பிய மாதிரிகள் விமானத்திற்கு ஒத்துவராமல் போகலாம். தரையில் ஊன்றும் தாங்குகால் உள்ள சீட் என்றால், அதை மடக்கிவைத்துப் பயன்படுத்தக் கையேடு இடம் தருகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

நான்காம் படி: விமான நிலையத்தில்

பாதுகாப்புச் சோதனையில் குழந்தையைக் கையில் எடுத்துக்கொண்டு, சீட்டை எக்ஸ்ரே இயந்திரத்தில் வைக்க வேண்டும். உள்ளே நுழையாவிட்டால் கையால் சோதிப்பார்கள். குழந்தையோடு வருபவர்களை முன்னதாக ஏற அழைத்தால் தயங்காமல் போய்விடுங்கள். இடைவழியில் ஆட்கள் நிறைந்தபின் கார் சீட்டைத் தூக்கிச் செல்வது மிகவும் கடினம்.

ஐந்தாம் படி: சீட்டைக் கட்டுதல்

முதலில் சீட்டை இருக்கையில் வைத்துப் பாருங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை விமானத்தின் வால்பகுதியைப் பார்த்தபடி, அதாவது பின்னோக்கி அமர வேண்டும். அதைவிடப் பெரிய குழந்தையாயினும், உங்கள் சீட்டின் எடை, உயர வரம்புகளைக் கடக்காதவரை பின்னோக்கி அமர்வதே மேல்.

பின்னோக்கிய சீட்டுக்கு ஒரு பெல்ட் வழி, முன்னோக்கிய சீட்டுக்கு வேறொரு பெல்ட் வழி என்று சீட்டின் கெட்டியான வெளி ஓட்டிலேயே குறித்திருப்பார்கள். சரியான வழியில் பெல்ட்டை நுழைத்துப் பூட்டி, உங்கள் கையையோ முழங்காலையோ சீட்டில் அழுத்தி அது இருக்கையில் நன்றாகப் பதிந்தபின், பெல்ட்டின் தளர்ந்த முனையை இழுத்து இறுக்குங்கள். பெல்ட் செல்லும் இடத்தில் சீட்டைப் பிடித்து அசைத்துப் பார்த்தால், எந்தப் பக்கமும் ஓர் அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது.

பலர் திணறும் இடம் பக்கிள்தான். விமானப் பெல்ட்டின் பூட்டு சரியாகச் சீட்டின் ஓட்டு விளிம்பில் போய் உட்கார்ந்துகொண்டு, இறுக்கவும் விடாது, பிறகு திறக்கவும் விடாது. முன்னோக்கிய சீட்டில் அது குழந்தையின் முதுகுக்கு அடியில் கட்டியாக உறுத்தலாம். அப்போது பணியாளரிடம் பெல்ட் நீட்டிப்பு ஒன்றைக் கேட்டு வாங்கி இணைத்தால், பூட்டு வேறிடத்துக்கு நகர்ந்துவிடும்.

பின்னோக்கிய சீட் இருந்தால் முன்னிருக்கைக்காரரால் தம் இருக்கையைச் சாய்க்க முடியாமல் போகலாம். அவர் அமர்ந்ததும் நீங்களே முதலில் விஷயத்தைப் பணிவாகச் சொல்லிவிட்டால் பெரும்பாலும் சிக்கல் எழாது.

ஆறாம் படி: குழந்தையை அமர்த்துதல்

தடித்த கம்பளிச் சட்டையைக் கழற்றிவிட்டு, தோள் வார்களை இறுக்கி, மார்புக் கிளிப்பை அக்குள் மட்டத்தில் நிறுத்துங்கள். தோளருகே வாரை விரல்களால் கிள்ளிப் பார்த்து, மடிப்பு விழாவிட்டால் இறுக்கம் சரி. விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைப்பைத் தணிக்கக் குழந்தை எதையாவது சப்ப வேண்டும். அதற்காக வெளியே எடுக்காமல், சீட்டில் இருக்கும்போதே புட்டிப்பாலோ சூப்பானோ கொடுங்கள். பெல்ட் விளக்கு அணைந்தபின் எடுத்துப் பாலூட்டலாம், டயப்பர் மாற்றலாம். விளக்கு மீண்டும் எரிந்தால் உடனே சீட்டில் அமர்த்திவிடுங்கள், அழுதாலும்கூட.

நடக்கத் தொடங்கிவிட்ட குழந்தைக்குப் பெரிய சீட்டைச் சுமக்க இயலாதவர்கள், எஃப்.ஏ.ஏ. அங்கீகரித்த கேர்ஸ் என்ற வார்ப்பட்டையைப் பயன்படுத்தலாம். இது 22 முதல் 44 பவுண்டு எடையும் 40 அங்குலத்துக்குட்பட்ட உயரமும் உள்ள குழந்தைகளுக்கானது; விமானத்தில் மட்டுமே பயன்படும், காரில் பயன்படாது.

சென்னைக்குப் பறப்பவர்களுக்கு

அமெரிக்காவிலிருந்து ஊருக்கு வரும்போது, நடுவில் வேறு நாட்டு நிறுவனத்தின் விமானத்துக்கு மாற நேரிடும். அங்கே விதிகள் மாறலாம்: சிலர் முன்கூட்டியே தகவல் கேட்பார்கள், சிலர் பின்னோக்கிய சீட்டை ஏற்பதில்லை. ஒவ்வொரு கட்டத்தையும் எந்த நிறுவனம் இயக்குகிறது என்று பார்த்து, அந்த நிறுவனத்திடமே எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட பயணத்தில் தொட்டில் கேட்டு வாங்குபவர்கள், விமானம் மேலெழும்பும்போதும் தரையிறங்கும்போதும் பெல்ட் விளக்கு எரியும்போதும் குழந்தையை அதிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

கொண்டுவந்த சீட் ஊரில் காருக்கும் பயன்படும். ஆனால் அங்கே பல வாடகைக் கார்களில் பின்னிருக்கைப் பெல்ட்டின் பூட்டு உறைக்கு அடியில் புதைந்து கிடக்கும். அழைத்துப் போக வருபவரிடம் முதல் நாளே சொல்லி அதை வெளியே எடுத்துவைக்கச் செய்தால், நள்ளிரவில் வந்திறங்கினாலும் குழந்தையை வீடுவரை அதே சீட்டில் கூட்டிச் செல்லலாம்.