டெக்னாலஜி ஃபண்டை எடைபோடும்போது செய்யும் தவறுகள்

டெக்னாலஜி மியூச்சுவல் ஃபண்ட் வாங்க நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு வருமானத்தைத்தான். அந்த எண், நாம் பார்க்கும் தேதியைப் பொறுத்தே பெரிதாகவோ சிறிதாகவோ தெரியும். ஐடி நிறுவனப் பங்குகளின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் நிஃப்டி ஐடி குறியீடு 2020-இல் சுமார் 55%, 2021-இல் சுமார் 60% ஏறியது. 2021 கடைசியில் எந்த டெக்னாலஜி ஃபண்டைப் பார்த்தாலும் கண்ணைப் பறித்திருக்கும். அதை நம்பி அப்போது மொத்தமாகப் பணம் போட்டவர் என்ன ஆனார்? 2022-இல் அதே குறியீடு ஏறக்குறைய 26% விழுந்தது. அந்த இறக்கத்தை ஈடுகட்ட மட்டுமே 35% ஏற வேண்டும். அதனால் ஒற்றை எண்ணை விட்டுவிட்டு, ஆண்டுவாரியான வருமானத்தைப் பாருங்கள். ரோலிங் ரிட்டர்ன் கிடைத்தால் இன்னும் நல்லது. எந்த மாதத்தில் நுழைந்திருந்தாலும் என்ன கிடைத்திருக்கும் என்று அது காட்டிவிடும்.

அடுத்தது, எதோடு ஒப்பிடுகிறோம் என்பது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பின் விதிப்படி இந்த வகை ஃபண்டு தன் பணத்தில் குறைந்தது 80 சதவீதத்தை அந்தத் துறையிலேயே வைத்திருக்க வேண்டும். துறை ஏறினால் எல்லா ஃபண்டும் ஏறும். ஆகவே பல துறைகளின் 50 பெரிய நிறுவனங்களைக் கொண்ட நிஃப்டி 50 குறியீட்டை முந்தியதை ஃபண்ட் மேனேஜரின் திறமையாக எண்ணக் கூடாது. துறைக் குறியீட்டை, அதுவும் டிவிடெண்டையும் சேர்த்த டிஆர்ஐ கணக்கில், முந்தினாரா என்பதே கேள்வி. இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சில ஃபண்டுகளின் அளவுகோல் நிஃப்டி ஐடி. வேறு சிலவற்றுக்கு பிஎஸ்இ டெக். இரண்டாவதில் பார்தி ஏர்டெல் போன்ற தொலைத்தொடர்புப் பங்குகளும் உண்டு. ஒரு ஃபண்டு மற்றொன்றை முந்தியதற்கு ஏர்டெல் மட்டுமே காரணமாக இருக்கலாம். ஃபண்டு நிறுவனம் மாதந்தோறும் வெளியிடும் ஃபேக்ட்ஷீட்டில் முதல் பத்துப் பங்குகளைப் பார்த்தாலே இது புரிந்துவிடும்.

நட்சத்திர ரேட்டிங்குக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பதில்லை. ஃபண்டுகளை மதிப்பிடும் மார்னிங்ஸ்டார் நிறுவனம் தரும் நட்சத்திரங்கள், ஒரே வகை ஃபண்டுகளுக்குள் ரிஸ்க்கையும் கணக்கில் எடுத்த பழைய வருமானத்தின் வரிசை. முதல் 10 சதவீதத்துக்கு ஐந்து நட்சத்திரம், அவ்வளவுதான். அந்தத் துறையில் இப்போது பணம் போடலாமா என்பதற்கு அதில் பதில் கிடையாது.

கட்டணத்தில்தான் பலரும் அசட்டையாக இருக்கிறார்கள். ஃபண்டை நடத்த நம்மிடம் வாங்கும் ஆண்டுக் கட்டணமான செலவு விகிதம், தினமும் என்ஏவியிலேயே (ஒரு யூனிட்டின் மதிப்பிலேயே) கழிந்துவிடுவதால் அது கண்ணில் படுவதில்லை. காட்டப்படும் வருமானம் செலவு போக வந்ததுதான். மறுபடி கழிக்க வேண்டாம். ஆனால் ஒரு ஃபண்டின் டைரக்ட் பிளானையும் (இடைத்தரகர் இல்லாமல் நேரடியாக வாங்குவது) இன்னொன்றின் ரெகுலர் பிளானையும் (முகவர் கமிஷனும் சேர்ந்தது) பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் கணக்கே தப்பு. இரண்டு பிளானுக்கும் நடுவே ஒரு சதவீதம் வரை வித்தியாசம் இருப்பது சாதாரணம். பத்து லட்சம் ரூபாய் 20 ஆண்டுகள் 12 சதவீதத்தில் வளர்ந்தால் சுமார் 96 லட்சம். 11 சதவீதத்தில் சுமார் 81 லட்சம். நிஃப்டி ஐடி குறியீட்டை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டும், பங்கைப் போலச் சந்தையில் வாங்கி விற்கும் இடிஎஃப்பும் இதைவிடக் குறைந்த செலவில் கிடைக்கும்போது, கூடுதல் கட்டணத்துக்கு மேனேஜர் என்ன தந்தார் என்று கேட்பது நம் உரிமை.

சரி, ரெகுலரிலிருந்து டைரக்டுக்கு உடனே மாறிவிடலாமா? அப்படி மாறுவதும் விற்பனைதான். எக்ஸிட் லோடு, அதாவது சீக்கிரம் வெளியேறினால் பிடிக்கும் கட்டணம், இருக்கிறதா என்று பாருங்கள். 2024 ஜூலை 23 முதலான விதிப்படி, ஓராண்டுக்குள் விற்றால் லாபத்துக்கு 20% வரி; ஓராண்டைத் தாண்டினால், நிதியாண்டில் 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5%. அந்த வரம்புக்குள் வருகிற அளவாகப் பார்த்து ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றலாம்.