எலும்புக்குப் பரவிய பிறகு: 28 நாள் காலண்டரோடு காலம் தள்ளுவது எப்படி

மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்பது, "ட்ரீட்மென்ட் எப்போ முடியும்?" முடியாது. ஒரு மருந்து கேட்கும்வரை அது, கேட்காமல் போனால் அடுத்தது. இதை முதலில் வீட்டில் உள்ளவர்களுக்குப் புரிய வையுங்கள். "எல்லாம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று ஒதுக்கி வைத்த வேலைகளை அதன்பிறகுதான் எடுத்துச் செய்யத் தோன்றும்.

நான் கும்பகோணத்தில் ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறேன். எனக்கு வந்திருப்பது ஹார்மோன் பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ் வகை, அதாவது ஹார்மோனால் வளர்வது, ஹெர்2 என்ற புரதம் மிகுதியாக இல்லாதது. முதுகெலும்பிலும் இடுப்பிலும் இருக்கிறது. தினமும் ஹார்மோனைக் குறைக்கும் லெட்ரோசோல் மாத்திரை, கூடவே புற்றணுக்கள் பெருகுவதைத் தடுக்கும் பால்போசிக்ளிப் மாத்திரை, எலும்புக்கு ஜொலிட்ரானிக் ஆசிட் ஊசி. உங்களுக்கு வேறு வகை என்றால் மருந்து மாறும், ஆனால் கீழே சொல்வதில் பாதியாவது பொருந்தும்.

முதலில் ஒரு மாதக் காலண்டர் வாங்குங்கள். தினசரி காலண்டர் உதவாது, கிழித்துவிட்டால் போச்சு. பால்போசிக்ளிப் 21 நாள் போட்டு 7 நாள் நிறுத்த வேண்டும், இந்த 28 நாள்தான் ஒரு சுற்று. லெட்ரோசோலுக்கு அந்த லீவு கிடையாது. மாத்திரை போட்டதும் டிக் அடியுங்கள், ஓய்வு வாரத்துக்குக் கோடு போடுங்கள். கல்யாணம், காதுகுத்து, ஆடிட் எல்லாவற்றையும் அதே காலண்டரில் எழுதுங்கள். மூன்றாவது வாரம் வாக்கில் வெள்ளை அணுக்கள் நன்றாக இறங்கும், ஓய்வு வாரத்தில் ஏறும். அதனால் கூட்டமான விசேஷங்களுக்குச் சுற்றின் முதல் வாரத்தில் போகிறேன். மூன்றாம் வாரத்தில் முகூர்த்தம் வந்தால் நாலு நாள் கழித்து வீட்டுக்குப் போய் மாப்பிள்ளை பெண்ணைப் பார்த்துவிட்டு வருவேன். 2028 மகாமகம் எந்த வாரத்தில் விழும் என்று கணக்குப் போட்டதற்கு மகள் திட்டினாள். எந்த வாரமானாலும் குளத்தில் இறங்கப் போவதில்லை; மொட்டைமாடியில் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொள்வேன்.

ஒவ்வொரு சுற்றுக்கு முன்னும் ரத்தப் பரிசோதனை உண்டு, முதல் இரண்டு சுற்றுகளில் நடுவிலும் ஒருமுறை. மொத்த வெள்ளை அணு குறைந்திருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம், அதில் கிருமியோடு சண்டை போடும் வகையான நியூட்ரோஃபில் எண்ணிக்கையைப் பாருங்கள். 1000க்குக் கீழே போனால் பொதுவாகப் பால்போசிக்ளிப்பைத் தள்ளிப்போட்டு, ஏறியதும் தொடங்குவார்கள். 125 மில்லிகிராமை 100 ஆகவோ 75 ஆகவோ குறைப்பதும் சகஜம்தான். கீமோவைப் போல இந்த மருந்து அணுக்களை அழிப்பதில்லை, எலும்பு மஜ்ஜையைச் சற்று உறங்க வைக்கிறது, நிறுத்தினால் விழித்துக்கொள்ளும். ஆனால் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், பாராசிட்டமால் போட்டு விடியட்டும் என்று இருக்காதீர்கள். உடனே கூப்பிட வேண்டிய நம்பரைக் காலண்டரின் மேலேயே எழுதி வையுங்கள்.

பால்போசிக்ளிப்போடு வரும் சீட்டில் கிரேப்ஃப்ரூட் பழம் கூடாது என்று இருக்கும். நம் ஊரில் அது எங்கே கிடைக்கிறது என்று விட்டுவிட வேண்டாம். பம்பளிமாஸ் அதற்கு நெருங்கிய உறவு, அதையும் தவிர்ப்பது நல்லது. யாராவது கொண்டுவந்து தரும் சூரணம், கஷாயம் எதுவானாலும் டாக்டரிடம் பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் வாயில் வைக்க வேண்டும். கொண்டுவருபவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

எலும்பு விஷயம்தான் அன்றாடம் இடிக்கும். "எந்த இடம் பலவீனமாக இருக்கிறது, எவ்வளவு பாரம் தூக்கலாம்?" என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள், அவர்களாகச் சொல்வதில்லை. நான் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைப்பதையும் கிரைண்டர் கல்லைத் தூக்குவதையும் விட்டுவிட்டேன். பேரனைத் தூக்குவதில்லை, உட்கார்ந்துகொண்டால் அவனே மடியில் ஏறிக்கொள்கிறான். பஸ்ஸில் கடைசி சீட் வேண்டவே வேண்டாம், ஒவ்வொரு வேகத்தடையும் முதுகில் இறங்கும். ஆனால் ஒரேயடியாகப் படுத்துவிடவும் கூடாது. லெட்ரோசோலால் காலையில் விரலும் முட்டியும் மடங்க மறுக்கும், நடந்தால்தான் இளகும்.

ஜொலிட்ரானிக் ஊசி தொடங்குமுன் பல் டாக்டரைப் பார்த்து, பிடுங்க வேண்டியதைப் பிடுங்கிவிடுங்கள். ஊசி ஆரம்பித்த பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. முதல் ஊசிக்கு ஓரிரு நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம். ஊசி போடும் அன்று தண்ணீர் நிறையக் குடியுங்கள், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் பரிசோதனை பார்த்தார்களா என்று கேளுங்கள்.

புதிதாகக் கடும் முதுகுவலி, கால் மரத்துப்போவது, காலில் பலம் குறைவது, சிறுநீர் அடக்க முடியாமல் போவது, இவற்றில் எது வந்தாலும் தண்டுவடம் நசுங்குகிறதா என்று அன்றே பார்த்தாக வேண்டும். திங்கட்கிழமை ஓபி வரை காத்திருந்தால் நடையே போய்விடலாம்.

ஸ்கேன் ரிப்போர்ட் போனுக்கு வந்தால் இரவில் தனியாகத் திறந்து படிக்காதீர்கள். எலும்பு "ஸ்க்ளிரோட்டிக்" (இறுகியிருக்கிறது) என்று இருந்தால், அது ஆறுவதன் அடையாளமாகவும் இருக்கலாம், அதைக் கூகுள் சொல்லாது. "ஸ்டேபிள்" என்றால் இனிப்பு வாங்கலாம். நோய் கூடியிருந்தால் அடுத்த மருந்தை முடிவு செய்யுமுன் ஈஎஸ்ஆர்1, பிக்3சிஏ என்ற மரபணுக்களில் மாற்றம் உண்டா என்று பார்க்கும் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். பயாப்ஸி பிளாக்கை, அதாவது எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்த கட்டியை, திரும்ப வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

வலியைப் பொறுத்துக்கொள்வதில் பெருமை ஒன்றும் இல்லை. வலியையும் தொந்தரவையும் குறைக்கும் நோய்த்தணிப்பு சிகிச்சை கடைசி நாட்களுக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள், அப்படி இல்லை. நடமாடும்போதே போகலாம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்ப்பதும் உண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யுங்கள்.

பணம். 2023 ஜனவரியில் பால்போசிக்ளிப்பின் காப்புரிமை முடிந்ததும் இந்தியக் கம்பெனிகளின் மாத்திரை வந்து விலை நன்றாக இறங்கியது. பழைய விலையைக் கேட்டு மருந்தையே வேண்டாம் என்று சொன்னவர்கள் மறுபடி விசாரியுங்கள். வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுங்கள், எந்தச் சிகிச்சைக்குச் செல்லும் என்பதை மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவு சொல்லும். பழைய முறையில் வருமான வரி கட்டுபவர்களுக்குச் சிகிச்சைச் செலவுக்கான (80டிடிபி) பிரிவில் 40,000 வரை கழிவு உண்டு, மூத்த குடிமக்களுக்கு 1 லட்சம். சிகிச்சைக்கு ரயிலில் போனால் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்கு முழுக் கட்டணச் சலுகை, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம். நான் உழவன் எக்ஸ்பிரஸில்தான் சென்னை போகிறேன். படிவத்தில் டாக்டர் கையெழுத்தையும் மருத்துவமனை முத்திரையையும் முந்தைய தடவை போகும்போதே வாங்கிக்கொள்ளுங்கள்.