பழைய தமிழ் புத்தகத்த ஸ்கேன் பண்றீங்களா, மொதல்ல புள்ளிய காப்பாத்துங்க

எங்க தாத்தா வெச்சிருந்த வைத்திய புத்தகம் ஒன்னு, 1940கள்ல அச்சடிச்சது, அட்டை போயி தாள் எல்லாம் பழுப்பேறி தொட்டா உதிர்ற நிலைமைல இருந்துச்சு. அத ஸ்கேன் பண்ணி ஓசிஆர்ல (படத்துல இருக்கற எழுத்த படிச்சு டைப் பண்ணி குடுக்கற சாஃப்ட்வேர்) போட்டு தேடுற மாதிரி எழுத்தா மாத்திடலாம்னு உக்காந்தேன். ஸ்கேன் பண்ணது கறையும் தூசியுமா இருந்துச்சு, சாஃப்ட்வேர்ல க்ளீன் பண்ற ஆப்ஷன் எல்லாத்தையும் ஃபுல்லா வெச்சு ஓட்டுனேன், பக்கம் வெள்ளை வெளேர்னு வந்துச்சு, வீட்ல எல்லாரும் புது புத்தகம் மாதிரி இருக்கேன்னு சந்தோஷப்பட்டாங்க. அப்புறம் ஓசிஆர் குடுத்தத படிச்சா "மருநது", "உபபு", "சுககு". ஓசிஆர்தான் சரியில்லன்னு நெனச்சேன். இமேஜ பெருசு பண்ணி பாத்தா அதுலயே புள்ளி இல்ல. தூசிய தொடைக்கிறேன்னு எழுத்து மேல இருந்த புள்ளியையும் சேத்து தொடச்சிருக்கேன்.

இங்கிலீஷ்ல ஐ எழுத்து மேல இருக்கற புள்ளி போனாலும் அது ஐ தான், படிக்கறவங்களுக்கு ஒன்னும் ஆகாது. நமக்கு அப்படி இல்ல, புள்ளி போனா க் வந்து க ஆயிடுது, எழுத்தே வேற. இத விட மோசம் ஆய்த எழுத்து, மூனு புள்ளியும் போச்சுன்னா "அஃது"ங்கறது "அது" ஆயிடும், படிக்கும்போது சரியா இருக்கற மாதிரியே தெரியும், யாரும் கண்டுபிடிக்கவே மாட்டாங்க. வைத்திய புத்தகத்துல அளவு சொல்ற எடத்துல 1.5ல இருக்கற புள்ளி போனா 15, நெனச்சு பாருங்க. ஓலைச்சுவடில பெரும்பாலும் புள்ளி வெக்காம தான் எழுதிருப்பாங்க, அத படிச்சு எது மெய் எது உயிர்மெய்னு பிரிச்சு பதிப்பிச்சவங்க பட்ட பாடு கொஞ்சம் இல்ல. அவங்க கஷ்டப்பட்டு அச்சுல வெச்ச புள்ளிய நாம ஒரு பட்டன அழுத்தி அழிச்சிடக்கூடாதுங்கறது தான் என் கவலை எல்லாம்.

சரி எப்படி பண்ணனும்னு பாப்போம்.

முதல் விஷயம் ரெசல்யூஷன், இங்க கொஞ்சம் கணக்கு பண்ணுங்க. என் புத்தகத்துல புள்ளிய ஸ்கேல் வெச்சு பாத்தப்ப சுமாரா 0.3 மில்லிமீட்டர் இருந்துச்சு. ஒரு இன்ச் 25.4 மில்லிமீட்டர், அப்போ 150 டிபிஐல (ஒரு இன்ச்சுக்கு 150 பிக்சல்) ஸ்கேன் பண்ணா ஒரு மில்லிமீட்டருக்கு 6 பிக்சல் கூட வராது, புள்ளிக்கு கெடைக்கறது 2 பிக்சல் அகலம் தான். 300ல மூனரை, 600ல ஏழு. 2 பிக்சல் அகலத்துல இருக்கற புள்ளியையும் 2 பிக்சல் அகலத்துல இருக்கற தூசியையும் எந்த சாஃப்ட்வேராலயும் பிரிச்சு பாக்க முடியாது, மனுஷ கண்ணாலயே முடியாது. அதனால 300 தான் குறைஞ்சபட்சம், சின்ன எழுத்தா இருந்தா, அடிக்குறிப்பு நெறைய இருந்தா 600. ஸ்கேனர் டப்பா மேல 9600னு எல்லாம் போட்டிருப்பாங்க, அது இல்லாத பிக்சல நடுவுல ரொப்பி பெருசாக்குற நம்பர், ஆப்டிகல்னு எத போட்டிருக்காங்களோ அத மட்டும் பாருங்க.

ஃபோன்ல எடுக்கலாமான்னு கேட்டா தாராளமா எடுக்கலாம். 5.5க்கு 8.5 இன்ச் இருக்கற புத்தகத்த 12 மெகாபிக்சல் கேமராவுல (4000க்கு 3000 பிக்சல்) ஃப்ரேம் நெறைய எடுத்தா 470 டிபிஐ வரைக்கும் வருது, ஓரம் விட்டது போக 400க்கு மேல நிக்கும். ரெண்டு பக்கத்தையும் ஒரே ஷாட்ல எடுத்தா 360க்கு கீழ போயிடும், அதனால ஒவ்வொரு பக்கமா எடுங்க. ஃபோன்ல டாக்குமென்ட் ஸ்கேன் பண்ற ஆப் மட்டும் வேணாம், அது தானாவே வெள்ளையாக்கி ஷார்ப் பண்ணி குடுக்கும், அந்த நொடியே என்ன போச்சுன்னு நமக்கு தெரியாது. சாதா கேமரா போதும், ரா ஃபைல் (ஃபோன் எதையும் திருத்தாம குடுக்கற படம்) எடுக்க வசதி இருந்தா இன்னும் நல்லது. ரொம்ப கிட்ட வெச்சு எடுக்காதீங்க, வைட் லென்ஸ்ல ஓர எழுத்தெல்லாம் இழுத்த மாதிரி வரும், கொஞ்சம் தள்ளி ஸ்டாண்ட்ல மாட்டி 2 மடங்கு ஜூம் லென்ஸ் இருந்தா அதுல எடுங்க. கேமரா நேரா இருக்கான்னு பாக்க ஒரு சுலபமான வழி இருக்கு, புத்தகம் வெக்கற எடத்துல ஒரு சின்ன கண்ணாடிய மல்லாக்க வெச்சு ஸ்க்ரீன்ல பாருங்க, கேமராவோட லென்ஸ் பிம்பம் நட்ட நடுவுல தெரிஞ்சா நேரா இருக்குன்னு அர்த்தம், சாஞ்சிருந்தா ஒதுங்கி தெரியும்.

வெளிச்சம் தான் பாதி வேலை. ரெண்டு லைட், ரெண்டு பக்கமும் சுமார் 45 டிகிரி சாய்வுல, மேல டியூப்லைட்ட அணைச்சிடுங்க. மட்டமான எல்இடி பல்புல எடுத்தா படத்துல குறுக்க பட்டை பட்டையா வரும், நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் அதனால லைட் செகண்டுக்கு 100 தடவ மினுங்குது, ஷட்டர 1/50 இல்லன்னா 1/100 செகண்ட்ல வெச்சா பட்டை போயிடும். வெளிச்சத்த கூட்டி தாள வெள்ளையா எரிக்காதீங்க, ஹிஸ்டோகிராம்ல (படத்துல எந்த வெளிச்சத்துல எவ்ளோ பிக்சல்னு காட்டற வரைபடம், 0 கருப்பு, 255 வெள்ளை) தாளோட நிறம் 255ல போயி முட்டக்கூடாது, 230 பக்கம் நின்னா போதும். முட்டிச்சுன்னா தேஞ்ச அச்சுல லேசா பதிஞ்ச புள்ளி எல்லாம் அந்த வெள்ளைல கரைஞ்சிடும், அத எதாலயும் திருப்பி கொண்டுவர முடியாது. இருட்டா எடுத்தத கூட ஓரளவு தேத்திடலாம், எரிஞ்சு போனத முடியாது.

மெல்லிசு தாள்ல பின்பக்க எழுத்து தெரியும்ல, அதுக்கு பக்கத்துக்கு பின்னாடி ஒரு கருப்பு சார்ட் பேப்பர் வெச்சுடுங்க. தாள் கொஞ்சம் மங்கலா தெரியும், பரவால்ல, பின் எழுத்து பெரும்பாலும் மறைஞ்சிடும். பத்து ரூபா சார்ட் பேப்பர் பண்ற இந்த வேலைய சாஃப்ட்வேர்ல பண்ண போனா நாள் முழுக்க உக்காரணும்.

ஃபைலு. எடுக்கும்போது கலர்ல இல்லன்னா கிரேல மட்டும் எடுங்க, ஸ்கேனர்லயே கருப்பு வெள்ளையா மாத்தி எடுக்கற மோட் வேண்டவே வேண்டாம், எது மை எது தாள்னு அந்த மெஷினே முடிவு பண்ணிடும். சேவ் பண்றது டிஃப் இல்லன்னா பிஎன்ஜி. ஜேபெக் வந்து படத்த 8க்கு 8 பிக்சல் கட்டமா வெட்டி ஒவ்வொரு கட்டத்துலயும் நுணுக்கமான விவரத்த குறைச்சு தான் சைஸ குறைக்குது, எழுத்து ஓரத்துல கொசு மொய்ச்ச மாதிரி புள்ளி புள்ளியா வரும் பாருங்க, அது இதுனால தான். அந்த பொய் புள்ளி உண்மை புள்ளிக்கு பக்கத்துலயே உக்காந்துக்கும். ஒவ்வொரு தடவ திறந்து எடிட் பண்ணி திருப்பி சேவ் பண்ணும்போதும் இன்னும் கொஞ்சம் போகும். ஃபோன்ல ஜேபெக் தவிர வழியில்லன்னா உச்ச குவாலிட்டில ஒரு தடவ எடுத்து, கம்ப்யூட்டர்ல பிஎன்ஜியா மாத்திட்டு அதுல வேலை பாருங்க. அத வாட்சப்ல சாதா ஃபோட்டோவா அனுப்பி கம்ப்யூட்டருக்கு மாத்தாதீங்க, கேபிள் போடுங்க.

கம்ப்ரஷன் எழுத்தையே மாத்துமான்னு சந்தேகம் இருந்தா 2013ல நடந்தத சொல்றேன். டேவிட் கிரீசல்னு ஜெர்மன்காரர் ஒருத்தர், ஜெராக்ஸ் கம்பெனி ஸ்கேனர்ல ஒரு வீட்டு ப்ளான ஸ்கேன் பண்ணா அறையோட அளவு நம்பரே மாறி வருதுன்னு கண்டுபிடிச்சார், வேற ஒரு தாள்ல சில 6 வந்து 8 ஆச்சு. ஜேபிக்2ங்கற முறை, ஒரே மாதிரி தெரியுற எழுத்தெல்லாம் ஒன்னுதான்னு எடுத்துக்கிட்டு ஒரு படத்தையே எல்லா எடத்துலயும் ஒட்டிடுது, அதனால வந்த வினை. மங்கலாவோ கலங்கலாவோ இல்ல, ரொம்ப தெளிவா தப்பா இருந்துச்சு. கவும் க்வும் அந்த முறைக்கு எவ்ளோ ஒரே மாதிரி தெரியும்னு யோசிச்சு பாருங்க. பிடிஎஃப் சைஸ் ரொம்ப குறையணும்னு சாஃப்ட்வேர்ல செட்டிங் வெக்கும்போது இந்த ஜேபிக்2ல லாஸ்லெஸ்னு (எதையும் இழக்காம சுருக்குறது) இருக்கறத மட்டும் தான் தேர்ந்தெடுக்கணும். ஏஐ வெச்சு படத்த பெருசாக்கற டூலும் எழுத்துக்கு வேணாம்னு தான் சொல்வேன், தெரியாத எடத்துல தானா ஒன்ன வரைஞ்சு வெச்சிடும், அழகா இருக்கும், அது மூலத்துல இருந்ததான்னு சொல்ல முடியாது.

இப்போ ப்ராசஸிங். இதுல வரிசை முக்கியம், நெறைய பேர் மொதல்லயே கருப்பு வெள்ளையாக்கிட்டு அப்புறம் கோணல நிமித்துவாங்க, அப்போ எழுத்து ஓரம் எல்லாம் படிக்கட்டு படிக்கட்டா ஒடையும். கிரே படத்துலயே நிமித்துங்க, அதுவும் ஒரே தடவ, ஒவ்வொரு தடவ சுத்தும்போதும் பிக்சல கலந்து புதுசா கணக்கு போடுது, மூனு தடவ அரை டிகிரி அரை டிகிரியா சுத்துனா படம் மங்கிடும். நிமித்துறதுக்கு முன்னாடி வெளிச்ச ஏத்தத்தாழ்வ சமன் பண்ணிடுங்க, அதே லைட்டுல அதே எடத்துல ஒரு வெள்ளை தாள வெச்சு ஒரு படம் எடுத்து வெச்சிருந்தீங்கன்னா பக்கத்தோட படத்த அதால வகுத்தா போதும், நெழல் போயிடும். (முன்னாடியே பண்ணா தான் ரெண்டு படமும் ஒன்னோட ஒன்னு சரியா பொருந்தும், நான் அப்படி தான் பண்றேன்.)

அடுத்தது கருப்பு வெள்ளையாக்கறது. ஓட்சுன்னு ஒரு முறை இருக்கு, 1979ல வந்தது, இன்னைக்கும் நெறைய சாஃப்ட்வேர்ல இதுதான் உள்ள ஓடுது. முழு பக்கத்துக்கும் ஒரே ஒரு எல்லைக்கோடு போடும், அதுக்கு கீழ மை, மேல தாள். தாள் ஒரே சீரா இருந்தா பிரமாதமா வரும். ஆனா நம்ம புத்தகம் ஓரத்துல பழுப்பு, தைச்ச பக்கம் நெழல், நடுவுல தண்ணி கறை, ஒரே கோட்டுல எப்படி அடங்கும்? கறை மொத்தமும் கருப்பாயிடும், இல்லன்னா மங்கலான எழுத்து காணாம போகும். சவோலா முறைன்னு 2000த்துல வந்துச்சு, அது ஒவ்வொரு பிக்சலுக்கும் அக்கம்பக்கத்த பாத்து தனித்தனியா எல்லை போடும், பழைய புத்தகத்துக்கு இதுதான். அதுல பாக்கற கட்டத்தோட அளவ எழுத்து உயரத்துக்கு மேல வெய்ங்க, ரொம்ப சின்னதா வெச்சா தாளோட நாரெல்லாம் எழுத்தா வரும். டெசராக்ட் ஓசிஆர்ல 5ம் வெர்ஷன்ல இருந்து சவோலாவும் இருக்கு, ஆனா நீங்க மாத்தலன்னா ஓட்சு தான் ஓடும்.

கடைசியா தூசி எடுக்கறது, என் புத்தகத்துல புள்ளி போனது இங்க தான். மீடியன் ஃபில்டர்னு சொல்றாங்கல்ல, 3க்கு 3 கட்டத்துல 9 பிக்சல்ல எது நடு மதிப்போ அத வெக்கும். 2க்கு 2 இருக்கற புள்ளில மொத்தமே 4 பிக்சல், 9ல 4ங்கறது எப்பவும் சிறுபான்மை, அதனால முழுசா அழிஞ்சிடும், ஒரு தடயம் கூட இருக்காது. அதே ஃபில்டர 5க்கு 5ஆ வெச்சா 300 டிபிஐல எடுத்த 3 பிக்சல் புள்ளியும் காலி, 25ல 9 தானே. 600ல எடுத்த 7 பிக்சல் புள்ளி தப்பிச்சுக்கும். ரெசல்யூஷனுக்கு அவ்ளோ சொன்னது இதுக்காகத்தான். ஸ்கேன் டெய்லர் சாஃப்ட்வேர்ல தூசி எடுக்க மூனு அளவு இருக்கும், இருக்கறதுலயே லேசானத வெய்ங்க, சந்தேகமா இருந்தா ஆஃப் பண்ணிடுங்க. பக்கத்துல நாலு தூசி இருந்தா படிக்கறவங்க தாண்டி போயிடுவாங்க, போன புள்ளிய அவங்களால வெக்க முடியாது.

எது போச்சுன்னு கண்ணால பாக்கணும்னா, கிம்ப் மாதிரி சாஃப்ட்வேர்ல தூசி எடுக்கறதுக்கு முன்னாடி இருந்த படத்தையும் பின்னாடி வந்ததையும் ஒன்னு மேல ஒன்னு லேயரா வெச்சு மேல இருக்கறத டிஃபரன்ஸ் மோடுக்கு மாத்துங்க. நீக்குனது மட்டும் கருப்புல வெள்ளையா மின்னும். அது பக்கம் முழுக்க தாறுமாறா செதறி இருந்தா தூசி. வரி வரியா ஒழுங்கா, எழுத்தோட தலைக்கு மேல அணிவகுத்து நின்னா அது புள்ளி, உடனே செட்டிங்க மாத்துங்க. நான் அன்னைக்கு இத பண்ணி பாத்தப்ப முழு பக்கத்தோட வரி அமைப்பும் வெறும் புள்ளியாவே தெரிஞ்சுது, ரொம்ப நேரம் அந்த ஸ்க்ரீனயே பாத்துட்டு இருந்தேன்.

ஓசிஆர் எவ்ளோ சரின்னு தெரிய புத்தகத்துல அங்கங்க 5 பக்கம் எடுத்து கையால டைப் பண்ணி ஒப்பிட்டு எழுத்து தப்ப எண்ணுங்க, செட்டிங் மாத்த மாத்த அந்த எண்ணிக்கை எறங்குதான்னு பாருங்க. படம் கண்ணுக்கு எவ்ளோ பளிச்னு இருக்குங்கறத வெச்சு முடிவு பண்ணாதீங்க, என்னோட பளிச்னு இருந்த வெர்ஷன்ல தான் தப்பு அதிகம். 1978 எழுத்து சீர்திருத்தத்துக்கு முன்னாடி அச்சான புத்தகம்னா ணை, லை, னை, ணா, றா, னா எல்லாம் பழைய கொம்பு, சுழி வெச்ச வடிவத்துல இருக்கும், ஓசிஆர் அங்க தடுமாறும், அது இமேஜோட குத்தம் இல்ல, அதுக்காக ஃபில்டர நோண்டிட்டு இருக்காதீங்க, ஓசிஆர் குடுத்த எழுத்துல தப்ப தேடி மாத்தறது தான் வழி.

எல்லாம் முடிஞ்சு புத்தகத்த திருப்பி அலமாரில வெக்கறதுக்கு முன்னாடி ஃபைல் எண்ணிக்கையும் பக்க எண்ணிக்கையும் ஒன்னா இருக்கான்னு எண்ணுங்க, ரெண்டு தாள் ஒட்டிக்கிட்டு சேந்து பொரண்டிருந்தா அத எந்த ஃபில்டரும் சொல்லாது. க்ளீன் பண்ணாத மூல டிஃப் ஃபைல் எல்லாத்தையும் ரெண்டு டிஸ்க்ல தனியா வெய்ங்க, இடம் அடைக்குதேன்னு அழிக்காதீங்க. நான் மொத தடவ அழிச்சுட்டேன், அதனால 180 பக்கத்தையும் மறுபடி எடுக்க வேண்டியதா போச்சு, அதுல 11 பக்கம் அதுக்குள்ள ஓரம் உதிர்ந்து எழுத்தே போயிருந்துச்சு.